மூக்கை இறக்கியிருந்தால் போதுமே, ஏன் இறக்கவில்லை?

கேள்வி இதுதான்: 2009-இல் அட்லாண்டிக் கடலில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில் என்ஜின்கள் கடைசிவரை ஓடின, இறக்கையும் வாலும் முழுதாக இருந்தன. ஸ்டால் ஆன விமானத்தின் மூக்கைத் தாழ்த்தினால் அது மீண்டுவிடும் என்பது பயிற்சி மாணவருக்கும் தெரியும். விமானி அறையில் முதலில் இருவரும் பிறகு மூவரும் இருந்தும் மூன்று நிமிடத்துக்கு மேல் அதைச் செய்யாதது ஏன்? விமானியின் தவறு என்று எழுதி இதை மூடிவிடலாமா?

தவறு விமானியுடையதுதான். அதை மறுக்க நான் வரவில்லை. ஆனால் மூக்கை உயர்த்தும்படி கட்டுப்பாட்டுக் குச்சியைப் பின்னால் இழுத்த அந்தக் கை தனியாக அப்படி நடந்துகொள்ளவில்லை. வேறு நாடுகளில், வேறு விமானங்களில், வேறு பத்தாண்டுகளில் வேறு கைகளும் அதையே செய்திருக்கின்றன. ஒரே தவறை இத்தனை பேர் செய்தார்கள் என்றால், அவர்களுக்கு என்ன கற்றுக்கொடுத்தோம், எதைக் காட்டினோம், எதை மறைத்தோம் என்று கேட்டாக வேண்டும்.

முதலில் ஸ்டால் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். இதைத் தவறாகப் புரிந்துகொண்டால் மற்ற எதுவும் புரியாது. என்ஜின் நின்றுபோவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இறக்கையின் மேற்பரப்பில் காற்று ஒட்டி ஓடும்வரைதான் அது விமானத்தைத் தாங்கும். எதிரே வரும் காற்றோடு இறக்கை கொள்ளும் சாய்வுக்குத் தாக்குகோணம் என்று பெயர். அந்தக் கோணம் கூடக்கூடத் தூக்குவிசையும் கூடும், ஆனால் ஓர் எல்லைவரைதான். எல்லையைத் தாண்டியதும் காற்று மேற்பரப்பிலிருந்து பிய்ந்துபோய்ச் சுழலத் தொடங்கும். தூக்குவிசை சரியும், பின்னிழுக்கும் விசை எகிறும். இதுதான் ஸ்டால். தாழ்வாக, மெதுவாகப் பறக்கும் சிறு விமானத்துக்கு அந்த எல்லை ஏறத்தாழ 15 டிகிரி. 35,000 அடி உயரத்தில், ஒலியின் வேகத்தில் எண்பது சதவீத வேகத்தில் பறக்கும் ஏர்பஸ் ஏ330-க்கு எச்சரிக்கை ஒலிக்கும் கோணமே சுமார் 4 டிகிரிதான். உயரத்தில் பறப்பவருக்கு இருக்கும் இடைவெளி அவ்வளவு குறுகலானது.

மூக்கு எங்கே பார்க்கிறது என்பது வேறு, தாக்குகோணம் வேறு. மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, விமானம் கல்லைப்போல் கீழே இறங்கலாம். அப்போது காற்று முன்னாலிருந்து வராது, அடியிலிருந்து வரும். ஏர் பிரான்ஸ் 447 கடலில் மோதிய கணத்தில் அதன் மூக்கு 16 டிகிரி மேலே பார்த்துக்கொண்டிருந்தது. முன்னோக்கிய வேகம் மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர். கீழ்நோக்கிய வேகமும் அதே 200 கிலோமீட்டர்.

இனி அந்த இரவு. 2009 ஜூன் 1, ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் போகும் ஏர்பஸ் ஏ330 விமானம், உள்ளே 228 பேர். கேப்டன் ஓய்வுக்குப் போய்ச் சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. இருக்கைகளில் இரண்டு துணை விமானிகள். சர்வதேச நேரம் 2 மணி 10 நிமிடம் 5 விநாடிக்கு, வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களைப் பனிப் படிகங்கள் அடைத்தன. வேக அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போனதும் ஆட்டோபைலட் தானாக விலகிக்கொண்டது. அதோடு விமானத்தின் கட்டுப்பாட்டு முறையும் மாறியது. வழக்கமான நிலையில் ஏர்பஸ்ஸில் குச்சியை எவ்வளவு இழுத்தாலும் கணினி ஸ்டால் ஆக விடாது. மாறிய நிலையில் அந்தத் தடுப்பு இல்லை.

இந்தக் குழாய் அடைப்பு சுமார் ஒரு நிமிடம்தான் நீடித்தது. மூக்கும் என்ஜின் விசையும் இருந்த இடத்திலேயே இருந்திருந்தால் விமானம் அதுபாட்டுக்குப் பறந்திருக்கும். இதற்கு முன் பல ஏ330, ஏ340 விமானங்களில் இதே அடைப்பு நேர்ந்து, விமானிகள் பெரிய சேதமில்லாமல் கடந்து வந்திருக்கிறார்கள். அந்தக் குழாய்களை மாற்ற ஏர் பிரான்ஸ் நிறுவனம் முடிவு செய்திருந்தது. புதிய குழாய்களின் முதல் தொகுதி மே இறுதியில் வந்து சேர்ந்தது. இந்த விமானத்தின் முறை வரவில்லை.

வலது இருக்கைத் துணை விமானி குச்சியைப் பின்னால் இழுத்தார். விமானம் நிமிடத்துக்கு 7,000 அடி வேகத்தில் ஏறி, 38,000 அடியை நெருங்கியது. ஏறியதற்கு விலையாக வேகம் கரைந்தது. ஸ்டால் எச்சரிக்கை 54 விநாடிகள் இடைவிடாமல் ஒலித்தது. அவர் தொடர்ந்து இழுத்தார். வால் இறக்கையின் சமநிலைத் தகட்டைக் கணினி தானாகவே 13 டிகிரிவரை மூக்கை உயர்த்தும் பக்கம் நகர்த்திவிட்டது; அது அங்கேயே நின்றது. தாக்குகோணம் 40 டிகிரியைத் தாண்டியது.

ஏன் இழுத்தார்? அவர் எதைப் பார்த்தார், எதைக் கேட்டார் என்று அவருடைய இருக்கையில் அமர்ந்துதான் இதற்குப் பதில் தேட வேண்டும். பிரான்ஸின் விபத்து விசாரணை அமைப்பான பிஇஏ 2012 ஜூலையில் வெளியிட்ட இறுதி அறிக்கை அந்த வேலையைப் பொறுமையாகச் செய்திருக்கிறது. வேக அளவு கெட்டதும் உயரமானியின் திருத்தக் கணக்கும் பிசகி, விமானம் 300 அடிக்கு மேல் இறங்கிவிட்டதுபோல் திரை காட்டியது. மூக்கை எங்கே வைக்க வேண்டும் என்று வழிகாட்டும் கோடுகள் திரையில் மறைந்து மறைந்து தோன்றின. தோன்றிய பல தருணங்களில் ஏறச் சொல்லிக்கொண்டிருந்தன. வெளியே கும்மிருட்டு, அடிவானம் இல்லை. ஸ்டாலில் சிக்கிய விமானம் அதிரும், காற்று இரையும். அந்த இரைச்சலைக் கேட்டோ என்னவோ, வேகம் மிதமிஞ்சிப் போய்விட்டதுபோல் அவருக்குத் தோன்றியது. ஒரு கணம் வேகத்தடைத் தகடுகளை விரிக்கவும் முயன்றார். வேகம் மிகுந்துவிட்டது என்று நம்புகிறவர் மூக்கைத் தாழ்த்துவாரா?

இதைவிடக் கொடுமை எச்சரிக்கை ஒலியின் நடத்தை. அளக்கப்பட்ட வேகம் 60 நாட் (knot, மணிக்குச் சுமார் 110 கிலோமீட்டர்) அளவுக்குக் கீழே போனால், தாக்குகோண அளவு நம்பத் தகாதது என்று கணினி அதை ஒதுக்கிவிடும். உடனே ஸ்டால் எச்சரிக்கையும் நின்றுவிடும். அந்த அளவு மோசமான நிலையில் ஒரு விமானம் பறக்கும் என்று அந்த விதியை எழுதியவர்கள் கருதவில்லை. 447 அப்படித்தான் பறந்தது. அவர் குச்சியைச் சற்றுத் தளர்த்தி மூக்கைத் தாழ்த்தினால் வேகம் 60-ஐத் தாண்டும், எச்சரிக்கை மீண்டும் அலறும். இழுத்தால் வேகம் விழும், அமைதி திரும்பும். சரியான செயலுக்குக் கூச்சல், தவறான செயலுக்கு அமைதி. உயிர் ஊசலாடும் நேரத்தில் ஒரு மனிதனின் கையை இப்படித் தலைகீழாகப் பழக்கும் கருவியை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

பக்கத்து இருக்கைக்காரருக்கு இது ஏன் தெரியவில்லை என்று பலரும் கேட்கிறார்கள். ஏர்பஸ்ஸில் இரண்டு பக்கக் குச்சிகளும் தனித்தனி. ஒன்றை அசைத்தால் மற்றொன்று அசையாது. இருட்டில் அவருடைய கை எங்கே இருக்கிறது என்று இவருக்குத் தெரியாது. ஆட்டோபைலட் விலகி ஒன்றரை நிமிடத்துக்குப் பின் உள்ளே ஓடி வந்த கேப்டனுக்கும் தெரியாது. தான் வெகுநேரமாக முழுக்கப் பின்னால் இழுத்தே வைத்திருப்பதாக வலது இருக்கைக்காரர் வாய்விட்டுச் சொன்னபோதுதான் மற்ற இருவருக்கும் புரிந்தது. ஏற வேண்டாம் என்று கேப்டன் சொன்னார். அப்போது விமானம் சுமார் 9,000 அடியில் இருந்தது. மீள்வதற்கு மூக்கை அடிவானத்துக்குக் கீழே நன்றாக இறக்கி, பல ஆயிரம் அடியைக் காவு கொடுக்க வேண்டும். அந்த உயரம் மிச்சமில்லை.

ஆகவே குச்சிகளை இணைத்திருந்தால் போதும் என்று சிலர் வாதிடுகிறார்கள். இணைத்திருந்தால் 447-இல் உதவியிருக்கலாம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அதே ஆண்டு பிப்ரவரியில் நடந்ததைப் பாருங்கள்.

2009 பிப்ரவரி 12, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த கோல்கன் ஏர் 3407. இது டர்போபிராப் எனப்படும் விசிறி என்ஜின்கள் இரண்டு கொண்ட கியூ400 ரக விமானம். இரு விமானிகளின் கட்டுப்பாட்டுக் கம்பிகளும் இணைந்தவை, கண்ணெதிரே நகர்பவை. பேச்சில் கவனம் போய் வேகம் குறைந்ததை இருவரும் கவனிக்கவில்லை. ஸ்டால் நெருங்குகிறது என்று சொல்லக் கம்பி கைக்குள் உதறியது. உறைபனிக்கான அமைப்பைப் போட்டிருந்ததால் எச்சரிக்கை முன்கூட்டியே வந்தது. உண்மையான ஸ்டாலுக்கு இன்னும் இடைவெளி இருந்தது. கேப்டன் கம்பியைப் பின்னால் இழுத்து விமானத்தை உண்மையான ஸ்டாலுக்குள் கொண்டுபோனார். மூக்கைத் தானே தாழ்த்தும் கருவி மூன்று முறை கம்பியை முன்னால் தள்ளியது. மூன்று முறையும் அவர் அதை எதிர்த்து இழுத்தார். துணை விமானி, மெதுவாகப் பறக்கும்போது தூக்குவிசையைக் கூட்டும் இறக்கைத் தகடுகளான ஃபிளாப்புகளை யாரும் சொல்லாமலே மடக்கினார். விமானத்தில் இருந்த 49 பேரும், அது விழுந்த வீட்டில் ஒருவரும் இறந்தார்கள். கண்ணுக்குத் தெரியும் கம்பி, கையில் உதறும் எச்சரிக்கை, தானே தள்ளும் கருவி: எல்லாம் இருந்தும் கை இழுத்தது.

கைக்கு அப்படிப் பழக்கியது யார் என்ற கேள்விக்கு இப்போது வருவோம். என் கருத்தில் இந்த விவகாரத்தின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது.

பல பத்தாண்டுகளாக விமான நிறுவன விமானிகளுக்கு முழு ஸ்டால் சொல்லித்தரப்படவே இல்லை. ஸ்டாலை நெருங்குவதுவரைதான் பாடம். சிமுலேட்டரில், பயிற்றுநர் சொல்லிவிட்டு, தாழ்வான உயரத்தில், மெல்ல வேகத்தைக் குறைப்பார்கள். எச்சரிக்கை வந்ததும் விமானி என்ஜின் விசையை முழுதாகக் கூட்டி, மூக்கை அதே இடத்தில் பிடித்து, உயரம் இழக்காமல் வெளியே வர வேண்டும். தேர்வில் பார்த்தது எத்தனை அடி இழந்தார் என்பதைத்தான். மூக்கைத் தாராளமாகத் தாழ்த்தி முந்நூறு அடி இழந்தவர் மீண்டும் செய்து காட்ட வேண்டியிருந்தது. மூக்கை விடாமல் பிடித்து விசையால் தப்பித்தவர் தேறினார். ஆண்டுக்கு ஆண்டு இந்தத் தேர்வை எழுதிய கை என்ன கற்றுக்கொள்ளும்? எச்சரிக்கை வந்தால் உயரத்தை விடாதே என்றுதான். தாழ்வான உயரத்தில், என்ஜினில் விசை மிச்சமிருக்கும்போது இந்த உத்தி பலித்தது. 35,000 அடியில் என்ஜினில் கூட்டுவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. இறக்கைக்குக் கீழே தொங்கும் என்ஜின்களின் விசையைக் கூட்டினால் மூக்கு இன்னும் மேலேதான் எழும்பும்.

சிமுலேட்டர்களும் இதற்கு உடந்தையாக இருந்தன. ஸ்டாலுக்கு அப்பால் விமானம் எப்படி நடந்துகொள்ளும் என்ற தரவே அப்போது அவற்றில் இல்லை. 447-இன் துணை விமானிகள் இருவருக்கும் உயரத்தில் விமானத்தைக் கையால் ஓட்டும் பயிற்சியோ, வேக அளவு கெட்டால் அந்த உயரத்தில் என்ன செய்வது என்ற பயிற்சியோ தரப்படவில்லை என்று பிஇஏ வெளிப்படையாகவே எழுதியது. ஆட்டோபைலட் விலகிய அந்த விநாடியில் அவர்கள் வாழ்க்கையில் முதல் முறையாகச் செய்யும் ஒரு வேலை, நள்ளிரவில், மேகக் கூட்டத்துக்குள், முன்னறிவிப்பின்றி அவர்கள் கையில் விழுந்தது.

இந்தியாவில் நடந்த ஓர் உதாரணம் இதை இன்னும் துல்லியமாகக் காட்டும். 2000 ஜூலை 17, பாட்னா. கொல்கத்தாவிலிருந்து வந்த அலையன்ஸ் ஏர் 7412, போயிங் 737-200. இறங்கும்போது உயரம் கூடுதலாக இருந்தது. என்ஜின்கள் மிகக் குறைந்த விசையில், வேகம் குறைந்துகொண்டே, மூக்கை உயர்த்தியபடி விமானத்தை இப்படியும் அப்படியும் சாய்த்துத் திருப்பினார்கள். கம்பி உதறியது. அந்தக் கணத்தில் விமானிகள் ஸ்டாலிலிருந்து மீளும் நடைமுறையைத் தொடங்கவில்லை. இறங்குவதைக் கைவிட்டு மேலே ஏறும் நடைமுறையைத் தொடங்கினார்கள். அதாவது மூக்கை உயர்த்தினார்கள். விமானம் முழுதாக ஸ்டால் ஆகிக் குடியிருப்பில் விழுந்தது. தரையில் இருந்த ஐந்து பேர் உட்பட 60 பேர் இறந்தார்கள். மனிதத் தவறு என்றுதான் விசாரணை முடிவு சொன்னது, சரியாகவே சொன்னது. ஆனால் தரைக்கு அருகே அபாயம் என்றதும் ஏறு என்பதே அந்தக் கைக்கு ஆயிரம் முறை பழக்கப்பட்ட பதில்.

இன்னும் பின்னால் போனால் 1974 டிசம்பர் 1. நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் போயிங் 727 ஒன்று, பயணிகள் இல்லாமல் மூன்று ஊழியர்களோடு பஃபலோவுக்குப் போய்க்கொண்டிருந்தது. பிட்டோ குழாய்களைச் சூடாக்கும் ஸ்விட்சைப் போடவில்லை. குழாய் உறைந்ததும், ஏற ஏற வேகம் கூடுவதுபோல் கருவி காட்டியது. வேகத்தைக் குறைக்க மூக்கை உயர்த்தினார்கள், அப்போதும் கருவியில் வேகம் ஏறியது, இன்னும் உயர்த்தினார்கள். கம்பி உதறியபோது, அது மிகை வேகத்தால் வரும் அதிர்வு என்று நினைத்தார்கள். 24,000 அடியிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் அடிக்கு வர 83 விநாடிதான் ஆனது. ஏர் பிரான்ஸ் விபத்துக்கு ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், பனி அடைத்த குழாய், பொய் சொன்ன வேகமானி, மிகை வேகம் என்ற மயக்கம், பின்னால் இழுத்த கை என்று எல்லாமே பதிவாகி, விசாரிக்கப்பட்டு, அச்சிடப்பட்டிருந்தன. பாடம் கோப்பில் இருந்தது. பயிற்சி அறைக்குள் வரவில்லை. இதை எண்ணும்போது எனக்கு வரும் கோபம் அந்தத் துணை விமானியின் மீதல்ல.

447-க்குப் பிறகாவது நிலைமை மாறியதா? மாறியது, தாமதமாக. ஏர்பஸ், போயிங் உள்ளிட்ட தயாரிப்பாளர்கள் சேர்ந்து மீளும் நடைமுறையைத் திருத்தினார்கள்: முதலில் தாக்குகோணத்தைக் குறை, மூக்கைத் தாழ்த்து, என்ஜின் விசை அதற்குப் பிறகு. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், எத்தனை அடி இழந்தார் என்று மதிப்பெண் போடும் வழக்கத்தைக் கைவிடச் சொன்னது. 2013-இல் அதே ஆணையம் கொண்டுவந்த விதிப்படி, 2019 முதல் அமெரிக்க விமான நிறுவன விமானிகள் மேம்படுத்தப்பட்ட சிமுலேட்டரில் முழு ஸ்டாலுக்குள் போய் மீண்டு வர வேண்டும். கோல்கன் விபத்துக்குப் பிறகு வந்த இன்னொரு விதி துணை விமானிக்கும் 1,500 மணி நேரப் பறப்பு வேண்டும் என்றது. பத்திரிகைகள் இதைத்தான் பெரிதாகப் பேசின. கோல்கன் விமானிகள் இருவருமே அதைவிட அதிக மணி நேரம் பறந்தவர்கள். மணிக்கணக்கைக் கூட்டியதைவிட முழு ஸ்டாலைக் கற்றுத்தந்ததுதான் உருப்படியான மாற்றம் என்பேன்.

மாற்றம் எல்லா நாடுகளுக்கும் ஒரே நாளில் போய்ச் சேர்வதில்லை. பிஇஏ அறிக்கை வந்து இரண்டரை ஆண்டுகள் கழிந்த நிலையில், 2014 டிசம்பர் 28 அன்று சுரபாயாவிலிருந்து சிங்கப்பூர் புறப்பட்ட இந்தோனேசியா ஏர்ஏசியா 8501 ஜாவா கடலில் விழுந்தது. 162 பேர் இறந்தார்கள். வாலில் உள்ள சுக்கானின் அசைவைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியில் விரிசல் விட்ட ஒரு பற்றவைப்பு திரும்பத் திரும்ப எச்சரிக்கை எழுப்பியது. அதை நிறுத்தச் செய்த முயற்சியில் ஆட்டோபைலட் விலகியது, விமானம் இடப்பக்கம் 54 டிகிரி சாய்ந்தது, துணை விமானி இழுத்தார். 32,000 அடியிலிருந்து 38,000-ஐ ஒட்டி ஏறி ஸ்டால். கேப்டன் கொடுத்த ஆணையில் இழு, கீழே என்ற இரண்டும் ஒன்றாகக் கலந்திருந்தன.

மூக்கைத் தாழ்த்தும் வேலையை மனிதனிடமிருந்து பிடுங்கி இயந்திரத்திடம் கொடுத்துவிடலாமே என்று இந்த இடத்தில் தோன்றும். போயிங் 737 மேக்ஸில் அதைப் போன்ற ஒன்றைச் செய்தார்கள். ஒரேயொரு தாக்குகோண உணர்கருவியின் பேச்சைக் கேட்டு மூக்கைத் தாழ்த்தும் மென்பொருள் அது. கருவி பொய் சொன்னது. 2018 அக்டோபரில் லயன் ஏர், 2019 மார்ச்சில் எத்தியோப்பியன் என இரு விமானங்களில் 346 பேர் இறந்தார்கள். அந்த இரண்டிலும் புறப்பட்டதிலிருந்தே கம்பி பொய்யாக உதறிக்கொண்டிருந்தது. ஸ்டால் எச்சரிக்கையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பு என்று விமானியிடம் சொல்லும்போது இதையும் நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது.

எச்சரிக்கை மெய்யா பொய்யா என்று விமானி எதை வைத்து முடிவு செய்வார்? தாக்குகோணத்தைக் கண்ணால் பார்த்தால் செய்யலாம். அதை அளக்கும் உணர்கருவிகள் பெரிய பயணிகள் விமானங்களில் இருக்கின்றன. கணினி அந்த அளவைப் படிக்கிறது, விமானிக்குத்தான் பெரும்பாலும் காட்டுவதில்லை. 447-இன் திரையில் 40 டிகிரி என்று ஒரே ஓர் எண் தெரிந்திருந்தால், உள்ளே ஓடி வந்த கேப்டனுக்கு நிலைமை புரிய ஒரு விநாடி போதும். அவர் வந்தபோது விமானம் 35,000 அடியை ஒட்டி இருந்தது. தாக்குகோணத்தை விமானிக்கு நேரடியாகக் காட்டுவதைக் கட்டாயமாக்கலாமா என்று ஆராயும்படி ஐரோப்பிய, அமெரிக்க ஆணையங்களுக்கு பிஇஏ பரிந்துரை செய்தது. இன்றும் பல விமானங்களில் அது விருப்பத் தேர்வாகவே இருக்கிறது, நிறுவனம் கேட்டால்தான் வரும். அது எல்லாப் பயணிகள் விமானங்களிலும் கட்டாயமாக இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.